புத்தளக் கரையின் மூன்று மொழிகளுக்கு ஒரே கணினி

பழைய பெட்டி, பாமினி பழகிய விரல்கள், வீட்டில் நான்கு பேர். லினக்ஸில் நமக்கேற்ற டெஸ்க்டொப்பைத் தெரிந்தெடுத்து நமக்கேற்ப மாற்றிக்கொள்வது எப்படி?

சிலாபத்தைத் தாண்டி உடப்பு, முந்தல், மதுரங்குளி, பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி என்று கரையோரமாக வடக்கே போகப் போக, காதில் விழும் மொழி மாறிக்கொண்டே வரும். உடப்பின் மீனவர் வீடுகளில் தமிழ். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம் வீடுகளில் தமிழ். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறியவர்களின் வீடுகளிலும் தமிழ். மாரவில, வென்னப்புவ பக்கம் சிங்களம். மீன் ஏலத்திலும் தேங்காய் வியாபாரத்திலும் இரண்டும் கலந்து ஓடும். டொல்பின் பார்க்கவும் காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கவும் கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவர்களிடம் ஆங்கிலம்.

இத்தனை மொழி புழங்கும் கரையில், கணினி மட்டும் பெரும்பாலும் ஒரே மொழியில்தான் பேசுகிறது. இறால் பண்ணைக் கணக்கு எழுதுபவரும், கூட்டுறவுச் சங்கத்துக்கு அறிவித்தல் அடிப்பவரும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் ஆங்கிலப் பட்டியல்களின் நடுவே இடம் பார்த்து, மனப்பாடம் செய்த இடத்தில் அழுத்துகிறார்கள். இது மாற வேண்டும். இன்று கையிலிருக்கும் இலவச மென்பொருள்களைக் கொண்டு மாற்றவும் முடியும். இந்தக் கட்டுரை அதற்கான வழியைச் சொல்கிறது.

பழைய பெட்டிக்கு வந்த தவணை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறுவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய செயலியும் வேண்டும். நம் ஊர்களில் அலுவலகங்கள் கழித்து விற்ற பாவித்த கணினிகளே அதிகம். அவற்றில் பல இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டன.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், 2022இல் விழுந்த அடி இன்னும் ஆறவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதத்துக்கு முன் டொலருக்கு 200 ரூபாயைச் சுற்றி நின்ற பெறுமதி, சில வாரங்களில் 360 வரை போனது. இறக்குமதியாகும் எல்லாப் பொருளோடும் கணினி விலையும் ஏறியது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் குப்பையில் போடும் வசதி இந்தக் கரையில் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது?

ஆகவே பலர் இப்போது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் திரும்புகிறார்கள். திரும்பிய உடனே ஒரு திகைப்பு வருகிறது. விண்டோஸில் முகம் ஒன்றுதான், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸிலோ க்னோம், கே.டி.இ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.இ., மாட்டே, சின்னமன், எல்.எக்ஸ்.க்யூ.டி. என்று டெஸ்க்டொப்புகளின் வரிசை நீளுகிறது. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அழகை வைத்துச் சொல்வார்கள், பழக்கத்தை வைத்துச் சொல்வார்கள். நம் கரைக்கு வேறொரு அளவுகோல் வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் மொழி, அடுத்தது பெட்டியின் வலு, அதற்கடுத்தது அந்தப் பெட்டியைப் பங்கிடும் ஆட்கள். அழகு கடைசியில் வரட்டும்.

இத்தனை முகங்கள் எப்படி வந்தன?

லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் திரை என்பது இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்த உறுப்பாக இருந்ததில்லை. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எக்ஸ் விண்டோ முறைமை உருவானபோது, திரையில் கோடும் பெட்டியும் வரையும் வேலையை மட்டும் அது எடுத்துக்கொண்டது. சாளரம் எப்படி இருக்க வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை மேலே ஓடும் இன்னொரு நிரலின் பொறுப்பில் விட்டது. அந்த இடைவெளியில்தான் இத்தனை டெஸ்க்டொப்புகளும் முளைத்தன.

ஜேர்மனியில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக், சாதாரண ஆட்கள் பாவிக்கக்கூடிய முழுமையான டெஸ்க்டொப் ஒன்று வேண்டும் என்று 1996 ஒக்டோபர் 14இல் அழைப்பு விடுத்தார். கே.டி.இ. அப்படிப் பிறந்தது. அது தங்கியிருந்த க்யூ.டி. என்ற கருவித்தொகுதியின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் தரவில்லை. அதற்கு மாற்றாக, மெக்சிகோவின் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஓகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரான்சின் ஒலிவியே ஃபூர்டான் தொடங்கிய எக்ஸ்.எஃப்.சி.இ.யும் அதே காலத்ததுதான்.

2011இல் க்னோம் தன் மூன்றாம் பதிப்பில் பழைய முகத்தை அடியோடு மாற்றியது. பிடிக்காதவர்கள் பழைய க்னோமின் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். லினக்ஸ் மிண்ட் குழு சின்னமனை உருவாக்கியது. நிரல் எல்லோருக்கும் உரியது என்பதால், பிடித்ததைக் காப்பாற்ற எவரும் முன்வரலாம். பாவிப்பவரைக் கேளாமல் எடுக்கப்படும் முடிவுக்கு எதிராக ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும். அந்த உரிமையைத்தான் நாம் தமிழுக்காகப் பாவிக்க வேண்டும்.

தமிழுக்கு வரைகலைத் திரையே வாசல்

ஆங்கிலம் தெரிந்தவருக்கு வரைகலைத் திரை ஒரு வசதி. அது இல்லாவிட்டாலும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலையை முடித்துக்கொள்வார். தமிழ் வாசகருக்கு அப்படி முடியாது. லினக்ஸின் வெறும் கறுப்புத் திரை 256 அல்லது மிஞ்சிப்போனால் 512 எழுத்துருவங்களைத்தான் ஒரே நேரத்தில் வைத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரவும் உகரத்தை எழுத்தோடு இணைக்கவும் அதற்குத் தெரியாது. டெபியன் இயங்குதளத்தை நிறுவும்போது தமிழும் சிங்களமும் வரைகலை நிறுவியில் மட்டும் தென்படுவது இதனால்தான்.

வரைகலைச் சூழலுக்குள் வந்தால் நிலைமை வேறு. க்னோம் குடும்பமும் கே.டி.இ. குடும்பமும் இன்று ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைப்பு இயந்திரத்தின் மேல்தான் தமிழை வரைகின்றன. ஒரு காலத்தில் ஒன்றில் சரியாகத் தெரிந்த சொல் மற்றதில் கொம்பு விலகி நிற்கும். அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நோட்டோ தமிழ், ரெட் ஹெட் வெளியிட்ட லோகித் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்களத்துக்கு லங்கா லினக்ஸ் பாவனையாளர் குழு உருவாக்கிய எழுத்துரு டெபியனின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. இலங்கையர் சிலர் தங்கள் நேரத்தைச் செலவழித்துச் செய்த வேலை, உலகில் எந்த மூலையில் டெபியன் நிறுவினாலும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தமிழாக்கமும் அப்படி வந்ததே. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடி, கே.டி.இ.யையும் க்னோமையும் வரி வரியாகத் தமிழாக்கினார்கள். க்னோமின் தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் தினேஷ் நடராஜா, ஃபீலிக்ஸ், டாக்டர் தி. வாசுதேவன் போன்றோரின் பெயர்கள் இன்றும் தலைப்பில் நிற்கும். டெபியன் நிறுவியின் தமிழிலும் வாசுதேவனின் உழைப்பு இருக்கிறது. உபுண்டுவைத் தமிழில் கொண்டுவரத் தனிக் குழு ஒன்று இயங்கியது. நாம் செய்ய வேண்டியது, அவர்கள் கட்டிய வீட்டுக்குள் குடிபோவதுதான்.

ஹந்தான காட்டிய வழி

இலங்கையில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கண்டியில் பேராதனைப் பக்கம் நிற்கும் ஹந்தான மலையின் பெயரால், 2009இல் ஹந்தான லினக்ஸ் வெளிவந்தது. தனிஷ்க நவின் தலைமையிலான குழு ஃபெடோராவை அடிப்படையாக வைத்து அதை உருவாக்கியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் இடம் கொடுத்தது. பாடசாலைகளுக்கென்று ஒரு பதிப்பே தயாரித்தார்கள். இணைய வேகம் குறைந்த அந்நாளில், வேண்டிய மென்பொருள் அனைத்தும் ஒரே டி.வி.டி.யில் அடங்கியிருந்தது பெரிய உதவி. க்னோம், கே.டி.இ., எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.டி.இ., சிறுவர்களுக்கான சுகர் என ஐந்து டெஸ்க்டொப்புகள் ஒரே தட்டில் இருந்தன. நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்து, பிடித்ததைத் தெரிந்தெடுக்கலாம்.

மொழியையும் தெரிவையும் பாவனையாளரின் கையில் சேர்த்துக் கொடுத்த அந்தத் திட்டத்திலிருந்து கற்க நிறைய இருக்கிறது. அன்று தனியாகச் சேர்த்துத் தர வேண்டியிருந்த எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் இன்று டெபியன், உபுண்டு, மிண்ட், ஃபெடோரா எல்லாவற்றின் களஞ்சியங்களிலும் கிடைக்கின்றன.

கடலுக்கு அப்பால் கேரளம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அது உருமாறிய கைட் நிறுவனமும், அரசுப் பாடசாலைகளுக்கென்று உபுண்டு அடிப்படையிலான தனி இயங்குதளத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்திக் கொடுக்கின்றன, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகின்றன. தமிழகத்தில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. ஒரு மென்பொருளைப் பெட்டிக்குள் வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதைத் திறந்து, தன் மொழியில் அமைத்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கேரளத்தின் பலம் அந்த ஆசிரியர்கள்தான்.

பெட்டியின் வலு பார்த்து

இனித் தெரிவுக்கு வருவோம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது கடற்கரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் ரேம் எவ்வளவு என்று பாருங்கள்.

8 ஜி.பி.யும் அதற்கு மேலும் இருந்தால் எந்த டெஸ்க்டொப்பும் ஓடும். தமிழ் எழுதுவது முதன்மை வேலை என்றால் க்னோமில் தொடங்குங்கள். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை அதன் உடம்போடு சேர்ந்தது. அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும், சுப்பர் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றலாம். விண்டோஸ் போலக் கீழே பட்டையும் மூலையில் பட்டியலும் வேண்டும் என்பவருக்குப் பிளாஸ்மாவும் சின்னமனும் பொருந்தும். எதையும் நுணுக்கமாக மாற்றிப் பார்க்க விரும்புவோருக்குப் பிளாஸ்மா பெரிய களம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலண்ட் என்ற புதிய திரை முறையில் பிளாஸ்மா ஓடும்போது, அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பக்கத்தில் எஃப்சிட்டிக்ஸ் அல்லது ஐபஸைத் தெரிந்தெடுத்தால்தான் தமிழ் உள்ளீடு ஒழுங்காக வேலை செய்யும். அந்த ஓர் இடத்தைத் தவறவிட்டு, தமிழ் வரவில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

4 ஜி.பி. என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. அல்லது மாட்டே. திரை வந்து நிற்கும்போது எக்ஸ்.எஃப்.சி.இ. சுமார் அரை ஜி.பி.யைத்தான் எடுக்கும். க்னோம் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். மிச்சமாகும் அந்த இடம் உலாவிக்குத் தேவை. இன்றைய இணையப் பக்கங்கள்தான் ரேமைத் தின்கின்றன. பழைய கிராபிக்ஸ் சில்லு திணறினால் சாளர நிழல், மெல்ல மறையும் தோற்றம் போன்றவற்றை உருவாக்கும் கொம்பொசிட்டரை நிறுத்திவிடுங்கள். எக்ஸ்.எஃப்.சி.இ.யில் ஒரே ஒரு அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும்.

2 ஜி.பி. என்றால் எல்.எக்ஸ்.க்யூ.டி. பொருந்தும். 64 பிட் கூட இல்லாத மிகப் பழைய பெட்டி என்றால் தெரிவு சுருங்கிவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. அன்டிஎக்ஸ் போன்ற இலகு இயங்குதளங்கள் சில காலம் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பலன் தரும் மாற்றம், சுழலும் பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போடுவது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள். எந்த டெஸ்க்டொப்பை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

மின்சாரமும் நம் கணக்கில் வர வேண்டும். 900 மெகாவாட் நுரைச்சோலை மின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் நிற்கிறது. இருந்தும் 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு இங்கும் வந்தது, 2025 பெப்ரவரியில் நாடே இருண்டபோது நாமும் இருண்டோம். லிப்ரே ஒஃபிஸில் தானியங்கிச் சேமிப்பை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றி வையுங்கள். வழக்கமாக அது பத்து நிமிடத்தில் நிற்கும்.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

இலங்கைத் தமிழருக்கு லினக்ஸில் முதல் முட்டுக்கட்டை விசைப்பலகைதான். நம் ஊர்க் கொமியூனிகேஷன் கடைகளிலும் அச்சகங்களிலும் விரைவாகத் தட்டுபவர்களில் பெரும்பாலோர் பாமினி பழகியவர்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணினி உள்ளே சேமிப்பதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால், புரியாத ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக வரும். லினக்ஸுக்கு மாறிய முதல் நாளிலேயே பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். கடிதம் அழியவில்லை, எழுத்துருதான் இல்லை.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். பழைய ஆவணங்களை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஓபன் தமிழ் என்ற பைதன் நிரல் தொகுதியிலேயே பாமினியை ஒருங்குறியாக்கும் பகுதி இருக்கிறது. மாற்றிய பிறகுதான் உங்கள் எழுத்தைத் தேட முடியும், வரிசைப்படுத்த முடியும், தொலைபேசியில் வாசிக்க முடியும்.

இரண்டாவது, புதிய எழுத்தை ஒருங்குறியிலேயே தட்டுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெஸ்க்டொப்பின் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்பதன் கீழ்த் தமிழைத் தெரிந்தெடுத்தால் வருவது தமிழ்99 வரிசை. பாமினி பழகிய விரல் ஒன்றைத் தட்ட, வேறொன்று விழும். அதோடு அந்தப் பட்டியல் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் இயங்கும். தமிழுக்கு அது போதாது. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். பாமினிக்காரர் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டுவார். தமிழ்99காரர் க தட்டி ஒ தட்டுவார். ஒருங்குறியில் சேர வேண்டியதோ, முதலில் க, அடுத்து ஒகரக் குறி. தட்டியதை ஒரு கணம் கையில் வைத்திருந்து, அடுத்த விசையைப் பார்த்து, ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் ஒருவர் இடையில் தேவை. ஐபஸும் எஃப்சிட்டிக்ஸும் செய்வது அந்த வேலையைத்தான்.

ஆகவே ஐபஸோடு எம்17என் என்ற தொகுதியையும் நிறுவுங்கள். அதில் தமிழ்99 இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது, இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தில் ஏற்றுக்கொண்டது இந்த ரெங்கநாதன் வரிசையைத்தான். பாமினி பழகியவர் அதை முதலில் முயலட்டும். பிள்ளைகள் புதிதாகத் தொடங்குவதென்றால் தமிழ்99 பழக்குங்கள். க என்று இருமுறை தட்டினால் ‘க்க’ என்று தானே புள்ளி விழுந்து வரும். சிங்களத்துக்கு விஜேசேகர வரிசையும் அதே எம்17என் தொகுதியில் கிடைக்கிறது.

ஒரு வீடு, நான்கு மேசை

கற்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வாப்பா இறால் பண்ணைக் கணக்கு வைக்கிறார், கண் பார்வை சற்று மங்கல். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள், தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பெடுக்கிறாள். மகன் சிங்கள மொழி மூலம் படிக்கிறான். உம்மாவுக்குக் காணொளி பார்க்கவும் உறவுகளோடு பேசவும் வேண்டும். கணினி ஒன்றுதான்.

யுனிக்ஸ் தொடக்கத்திலிருந்தே பலர் பங்கிட்டுப் பாவிக்கவென்று கட்டப்பட்டது. அந்தப் பழைய குணம் இந்த வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. நால்வருக்கும் நான்கு பாவனையாளர் கணக்கு திறந்தால், ஒவ்வொரு கணக்கும் தன் மொழியையும் தன் டெஸ்க்டொப்பையும் தானே நினைவில் வைத்திருக்கும். கடவுச்சொல் கேட்கும் திரையில் சிறு சக்கரக் குறியை அழுத்தி எந்த டெஸ்க்டொப் வேண்டுமென்று ஒருமுறை சொன்னால் போதும்.

வாப்பாவின் கணக்கில் எக்ஸ்.எஃப்.சி.இ. எழுத்தளவு 13, பட்டையின் உயரம் 40 பிக்சல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட உயரம் கூடியது, கீழேயும் இறங்கும். பட்டையை ஆங்கிலத்துக்கென்று வைத்த 24 பிக்சலில் விட்டால் ‘கு’வின் வளைவும் ‘ழு’வின் வாலும் வெட்டுப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே பட்டியலின் அகலத்தையும் கூட்ட வேண்டும். மேசையில் மூன்றே குறிகள்: கணக்கு, கடிதம், உலாவி. மகளின் கணக்கில் க்னோம். மகனின் கணக்கில் சிங்களப் பட்டியல்.

பட்டியல் மொழியும் பிரதேச அமைப்பும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். தமிழைத் தெரிந்தெடுக்கும்போது இந்தியா, இலங்கை என்று இரண்டு காட்டும். இலங்கையைத் தெரிந்தெடுத்தால் நாணயம் இலங்கை ரூபாயாக வரும். நேர வலயத்தில் கொழும்பு. எங்காவது தமிழாக்கம் முடியாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஆங்கிலம் தலைகாட்டும். அதற்கும் வழி உண்டு. பிளாஸ்மாவில் மொழிகளை வரிசையாக அடுக்கலாம். முதலில் தமிழ், தமிழ் இல்லாவிட்டால் சிங்களம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று சொல்லி வைக்கலாம். இரு மொழியும் வாசிக்கும் நம் கரையாருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி எதிலும் இல்லை.

இந்த அமைப்புகள் எல்லாம் அவரவர் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கொன்ஃபிக் என்ற உறையில் சேமிக்கப்படுகின்றன. க்னோமும் கே.டி.இ.யும் மட்டுமன்றிப் பெரும்பாலான மென்பொருள்கள் அப்படித்தான். கணினி மாறும்போது அந்த உறையைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று புதியதில் வைத்தால், பழகிய மேசை பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். மாற்றங்கள் செய்வதற்கு முன் அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு துணிந்து எதையும் மாற்றிப் பார்க்கலாம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள்.

நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவி, ‘ஸ்ரீ’, ‘கௌ’, ‘ஞொ’, ‘நூ’ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நான்கும் சரியாகத் தெரிந்தால் எழுத்துரு சரி.

ஐபஸ், எம்17என் நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள்.

எழுத்தளவு, பட்டை உயரம், நேர வலயம் மூன்றையும் சரிசெய்யுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒன்றை மாற்றிச் சில நாள் பழகி அடுத்ததற்குப் போங்கள். எது சிக்கல் தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

பொதுக் கணினிகளுக்கு

பள்ளிவாசல் நூலகம், கோயில் அறநெறிப் பாடசாலை, மீனவர் சங்கம், அரசு 2005 முதல் ஊர் ஊராகத் திறந்த நெனசல அறிவகங்கள் போன்ற இடங்களில் கணினி பலர் கையில் படும். ஒருவர் பட்டையை இழுத்து மறைத்துவிட்டுப் போனால் அடுத்தவர் தவிப்பார். எக்ஸ்.எஃப்.சி.இ.யில் பட்டையைப் பூட்டலாம். க்னோமிலும் கே.டி.இ.யிலும் குறிப்பிட்ட அமைப்புகளை நிர்வாகி பூட்டி வைக்க ஏற்பாடு உண்டு. நுழையும் திரையிலேயே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று பொதுக் கணக்குகள் இருக்கட்டும். வருபவர் தன் மொழியைத் தொட்டு உள்ளே போகட்டும்.

பார்வை இல்லாதவர்களையும் மறக்கக்கூடாது. க்னோமோடு வரும் ஓர்கா, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். அதற்குக் குரல் கொடுக்கும் ஈஸ்பீக் என்.ஜி. தமிழும் சிங்களமும் பேசும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும். ஆனாலும் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாமல் ஒரு பிள்ளை தன் மொழியில் கணினியோடு பழக அது போதும்.

உரிமையைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவோம்

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கியது. 2010இல் இணையத்தில் ‘.இலங்கை’ என்ற தமிழ் முகவரி கிடைத்தது. எஸ்.எல்.எஸ். 1326 வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சட்டமும் தரமும் முகவரியும் வந்த பிறகும், பெரும்பாலான கணினித் திரைகளில் தமிழ் வரவில்லை. இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய பணமோ வெளிநாட்டு நிபுணரோ வேண்டியதில்லை. தமிழில் அமைத்துக் காட்டக்கூடிய ஓர் ஆசிரியர், கைதேர்ந்த ஒரு கடைக்காரர், உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தால் போதும்.

அவர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. க்னோம், கே.டி.இ., எக்ஸ்.எஃப்.சி.இ. எல்லாவற்றிலும் தமிழாக்கம் முடியாமல் கிடக்கும் வரிகள் பல. பிழையான வரிகளும் உண்டு. தமிழகத்து வழக்கில் மட்டும் எழுதப்பட்டு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத சொற்களும் உண்டு. அவற்றைத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாளுக்குப் பத்து வரி செய்தால் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு சிறிய மென்பொருளை முடித்துவிடலாம். புத்தளத்துப் பிள்ளை திருத்திய வரி அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் போய்ச் சேரும்.

பாடசாலை அதிபர்களும் சங்கத் தலைவர்களும் ஒரு கணினியிலாவது இந்த மாதமே தொடங்குங்கள். கழித்து ஒதுக்கிய பெட்டி ஒன்றை எடுங்கள். எக்ஸ்.எஃப்.சி.இ. போடுங்கள், தமிழைச் சேருங்கள், சிங்களத்தைச் சேருங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.